ஊர்க் காரியம் யார் காரியம்?

(எமது வாலிபர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் செவிக்கு இனியதன்று. கட்டாக்காலி மாடு, குப்பை, மதகு, வீதி விளக்கு என்பன பற்றிப் பேசப் போகின்றோம். புராணச் சுவையை எதிர்பார்த்து வந்திருக்கும் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். ஆயினும் இக்காரியங்கள் அம்மன் சந்நிதிக்குத் தூரமானவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்.

எமது வைகாசி விசாகப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். பாக்குத்தெண்டல் எந்நாள், தீர்த்தம் எடுக்க முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போவது எந்நாள், கடல்நீரில் விளக்கெரியும் நாட்களில் முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலில் நடக்க வேண்டியவை எவை, மடைப்பண்டம் அங்கிருந்து எப்பொழுது இங்கு வந்து சேரவேண்டும் என்பன எல்லாம் முறையாக நடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் யார் பொறுப்பென்று எந்தக் கந்தோரும் கடிதம் எழுதுவதில்லை. 2009ஆம் ஆண்டு ஊரே கலைந்து, முகாம்களில் இருந்து திரும்பி வந்த மக்கள், கூரை போடுமுன்னரே இம்முறைகளை நினைவில் எடுத்து நடத்தினர். ஒவ்வொரு தொழும்புக்கும் உரியவர் உண்டு. அவர் இல்லாவிட்டால் அவருக்குப் பின் யார் என்பதும் தெரியும்.

நிற்க. பொங்கல் முடிந்து செவ்வாய்க்கிழமை காலையில் இவ்வூரின் தோற்றம் எப்படியிருக்கின்றது? இலட்சக் கணக்கில் வந்த அடியார்கள் விட்டுச்சென்ற பிளாஸ்ரிக் போத்தலும், சொப்பிங் பையும், சோற்றுப் பொதியின் தாளும் வீதியோரம் எங்கும் கிடக்கின்றன. கச்சான் காற்று எழுந்தால் அவை பறந்து நந்திக்கடலில் விழுகின்றன. அவற்றை அள்ளுவது யார் தொழும்பு? சிலர் பிரதேச சபை என்பர். சிலர் கோயிற் பரிபாலன சபை என்பர். சிலர் வந்து போட்டவனே அள்ளட்டும் என்பர். திங்கட்கிழமைக்குரிய காரியங்களில் ஐயமேயில்லை. செவ்வாய்க்கிழமைக்குரிய காரியங்களிற்றான் ஐயம்.

இதற்குக் காரணம் மக்களின் அசட்டை மாத்திரம் என்று சொல்ல நாம் உடன்படோம். சரித்திரத்தைச் சிறிது பார்க்க வேண்டும்.

உள்ளூராட்சி பற்றிப் பேசுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டைத் தொடாமல் விடுவதில்லை. நாமும் விடப்போவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அச்சாசனங்கள், 30 குடும்புகளாகப் பிரிந்த ஊரில் குடவோலை முறையால் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிந்த விதத்தைக் கூறுகின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஆண்டுக் காரியத்துக்கு ஒரு வாரியம் இருந்தன. மேடைகளிலே குடத்தையும் ஓலையையும் புகழ்கின்றோம். ஆனால் அது பிராமணர் ஊரின் சபை. காணியும் சொந்த மனையும் உடையவருக்கே அங்கு இடம் இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. எமக்கு அதிற் பிடித்த பகுதி வேறொன்று: வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தெரிவாக முடியாது. இந்த ஒரு விதி இன்று இருந்தால் பல ஊர்களிலே சங்கங்களுக்குத் தலைவர் கிடைப்பது அரிதாகும்!

எமது நாட்டுக்கு வருவோம். 1856ஆம் ஆண்டு, ஆளுநர் சேர் ஹென்றி வாட் காலத்து நீர்ப்பாசனச் சட்டம், வயற்காரரின் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் வலுவளித்தது. தத்தம் காணிக்கு ஏற்றபடி குளக்கட்டில் மண் போடுவதும், வட்டவிதானை சொன்ன முறைப்படி தண்ணீர் பாய்ச்சுவதும் வன்னி மக்களுக்குப் புதிதல்ல. 1871ஆம் ஆண்டு 26ஆம் இலக்கச் சட்டம், வேலி, கிணறு, மேய்ச்சல், அத்துமீறும் மாடு என்பவை பற்றி ஊரவர் தாமே விதி செய்யவும், சிறு வழக்குகளை ஊரிலேயே தீர்க்கவும் இடங்கொடுத்தது. பின்னர் கிராமச் சங்கங்கள் வளர்ந்தன. 1981ஆம் ஆண்டில், மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது, அக்கிராமச் சபைகள் ஒழிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோன்றின. 1988 சனவரி முதலாந் திகதி அவை தொடங்கின. எமது கரைதுறைப்பற்றுக்கும் ஒரு சபை கிடைத்தது.

பெயரளவிற் கிடைத்தது என்றே சொல்லவேண்டும். போரினால் இங்கு தேர்தல் இல்லை. 2011ஆம் ஆண்டில் நாட்டின் மற்றைய சபைகளுக்கு வாக்கெடுப்பு நடந்தபோதும், கண்ணிவெடி அகற்றலும் மீள்குடியேற்றமும் முடியவில்லை என்ற காரணத்தால் கரைதுறைப்பற்றும் புதுக்குடியிருப்பும் ஒதுக்கிவைக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதியன்றே எம்மவர் முதன்முதலாகத் தமது பிரதேச சபைக்கு வாக்களித்தனர். அச்சபையின் காலம் 2023 மார்ச்சு 19இல் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடைபெறவில்லை. அவ்வாறு நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஓகஸ்து 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது.

பெரியோர்களே, கூட்டிப் பாருங்கள். 1981 முதல் 2025 வரையுள்ள 44 ஆண்டுகளில், ஊரவர் வாக்களித்துத் தெரிந்த பிரதேச சபை எமக்கு இருந்தது 5 ஆண்டுகளே. மிகுதிக் காலத்திற் பெரும்பாலும் உத்தியோகத்தர்கள் நடத்தினர். அவர்களுட் பலர், செல் விழும் நாட்களிலும் கந்தோரைத் திறந்துவைத்தவர்கள். அவர்களைக் குறைசொல்வது எமது நோக்கமன்று. ஆனால் கேட்கும் பழக்கம் எமக்கு விட்டுப்போயிற்று. மனுக்கொடுக்கும் பழக்கம் மாத்திரமே மிஞ்சியது. மனுக்கொடுப்பவன் கையைக் கட்டி நிற்பான். வாக்களித்தவன் கணக்குக் கேட்பான்.

இதனாலே, எது யாருடையது என்ற அறிவும் மங்கிவிட்டது. வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, பி என்ற தரத்தின வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி என்பன மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. உள்ளொழுங்கைகள் பிரதேச சபைக்குரியவை. வயலுக்குப் போகும் பாதை பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சாரும். குளத்திலும் இப்படியே. பெரிய குளம் நீர்ப்பாசனப் பகுதிக்கு, 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் சிறு குளம் கமநலப் பகுதிக்கு. நந்திக்கடலோ, 2017ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டபின், வனசீவராசிகள் திணைக்களத்தின் பார்வைக்கும் உட்பட்டது. மீன்பிடிக்கு வேறொரு திணைக்களம் உண்டு. இறால் பிடிக்கும் தொழிலாளி எந்தப் படலையைத் தட்டுவான்?

எமது அயலில் ஒரு மதகு உடைந்தது. மாரிக்கு முன் திருத்தித் தரும்படி எழுதினோம். முதலிற் போன கந்தோரில் இவ்வீதி எம்முடையதன்று என்றார்கள். அடுத்த கந்தோரில் வீதி எம்முடையது, ஆனால் வாய்க்கால் எம்முடையதன்று என்றார்கள். மூன்றாவது கந்தோரில் கடிதத்தை அன்போடு வாங்கிவைத்தார்கள். மாரி வந்தது, பாடசாலைப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

இனி, மாட்டுக் கதை. இதிலே கந்தோரைக் குறைகூறித் தப்ப முடியாது. இரவில் வீதியில் மாடு படுத்துக்கிடக்கின்றது. மோட்டார்ச் சைக்கிளில் வருபவன், விளக்கும் இல்லாத இடத்தில், கறுத்த மாட்டைக் காண்பது எப்படி? கை கால் முறிந்தவர்களை இச்சபையில் உள்ள ஒவ்வொருவரும் அறிவீர்கள். பிரதேச சபை மாட்டைப் பிடித்துத் தண்டம் விதிக்கலாம். பிடித்தால் என்ன நடக்கின்றது? பிடித்து ஒரு மணித்தியாலத்துக்குள், “தம்பி, அது எங்கட மாமான்ர மாடு, விட்டுவிடச் சொல்லு” என்று அங்கத்தவருக்குத் தொலைபேசி போகின்றது. பகலிலே மாட்டுத்தொல்லைக்கு மனு. இரவிலே மாட்டை விடுவிக்கத் தூது.

ஆனால் மாட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. காலபோகம் விதைத்தவுடன் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டுமென்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் திகதி குறிக்கின்றார்கள். எங்கே அப்புறப்படுத்துவது? முன்னர் பட்டி அடைத்த தரவைகளுட் சில காடாயின. சில வேலிக்குள் போயின. கேப்பாப்புலவு மக்கள் 2017ஆம் ஆண்டில் தம் குடிமனைக்கே வீதியோரம் இருந்து போராடவேண்டியிருந்த பகுதியில், மேய்ச்சற்றரையை அளந்து தாருங்கள் என்ற குரல் சிறியதாகவே ஒலிக்கும். ஆயினும் அக்குரல் எழும்ப வேண்டும். தண்டத்தை மாத்திரம் கூட்டிக்கொண்டு தரவையைக் காட்டாமல் விடுவது நீதியன்று என்பது எமது அபிப்பிராயம். அதற்கிடையில், குறி பார்த்து மாடு யாருடையதென்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கின்றார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்தக் குறி என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தால், பாதிச் சண்டை வாயாலேயே தீரும். இதைச் செய்ய எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

பெரியோர்கள் சிலர், “அந்தக் காலத்தில் விதானையார் ஒரு சத்தம் போட்டால் ஊர் அடங்கும்” என்று சொல்வதைக் கேட்டிருக்கின்றோம். பணிவோடு ஒன்று சொல்வோம். ஊர் அடங்கியது உண்மையாக இருக்கலாம். யார் யார் வாய்திறக்க முடியாமல் அடங்கினர் என்பதையும் நினைக்கவேண்டும். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்களுக்கு வாக்கில்லை. காணியற்றவர் குரல் எவ்வளவு கேட்டிருக்கும்? 2018ஆம் ஆண்டுக்கு முன் இலங்கையின் உள்ளூர்ச் சபைகளில் நூற்றுக்கு இரண்டு பேர்தானும் பெண்களாக இருக்கவில்லை. அவ்வாண்டு தொட்டே நாலில் ஒரு பங்கு பெண்களுக்கென விதிக்கப்பட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு நடப்பவர் யாரோ, அவர் சபையில் இருந்தால் கிணற்றைப் பற்றிப் பேச்சு வரும்.

நாம் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கு விடுதிச் சுவரிலே ஒரு கடதாசி ஒட்டியிருக்கும். கிணற்றடி இன்று யார், மண்டபம் நாளை யார் என்று அதில் எழுதியிருக்கும். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனால் “யார் செய்வது?” என்ற கேள்வி அங்கு ஒருநாளும் எழுந்ததில்லை. பாக்குத்தெண்டலிலும் அந்தக் கடதாசியிலும் இருப்பது ஒரே முறை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

சட்டமும் எமக்குச் சில வாசல்களைத் திறந்துவைத்திருக்கின்றது. பிரதேச சபையின் குழுக்களில், அங்கத்தவர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சபைச் சட்டம் இடமளிக்கின்றது. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. குப்பை உழவு இயந்திரம் எமது வட்டாரத்துக்கு மாதத்தில் எத்தனை தரம் வருகின்றது, விளக்குக்கென ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று ஒரு பிரசை எழுதிக் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். புதிய தேர்தல் முறையில் 60 வீதமான அங்கத்தவர்கள் வட்டாரத்துக்குரியவர்கள். சந்தையிலும் கோயிலிலும் முகம் காணக்கூடியவர்கள். அவர்களைக் கண்டால் கட்சியைக் கேட்பதற்கு முன் மதகைக் கேட்கலாம். 2025ஆம் ஆண்டுத் தேர்தலில், இளைஞர் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ் சரியில்லை என்று பல வேட்புமனுக்கள் தள்ளப்பட்டு நீதிமன்றம் வரை போனதை அங்கத்தினர் அறிவீர்கள். அடுத்த முறை எம்முள் எவராவது போட்டியிட எண்ணினால், எந்தக் கட்சியானாலும் சரி, சான்றிதழை இப்பொழுதே எடுத்துவைக்கட்டும்.

சங்கம் செய்யக்கூடியதாக நாம் கேட்பது ஒரு பட்டியல். எமது ஊரின் ஒவ்வொரு வீதிக்கும், மதகுக்கும், பொதுக் கிணற்றுக்கும், விளக்குக் கம்பத்துக்கும் எதிரே, அது எந்தக் கந்தோருக்குரியது, யாரிடம் எழுதுவது, கடைசியாக எப்பொழுது எழுதினோம், என்ன பதில் வந்தது என்பவற்றை எழுதவேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம் ஆகியவற்றிடமும் கேட்டுச் சேர்க்கவேண்டும். பொங்கற் செவ்வாய்க்கும் அவ்வாறே: பிரதேச சபை உழவு இயந்திரமும் தொட்டியும் தரட்டும், கோயிற் சபை, தண்ணீர்ப் பந்தல் போடுவோரிடம் பிளாஸ்ரிக் குவளை வேண்டாமென்று முன்னரே சொல்லட்டும், நந்திக்கடற் கரையோரத்தை எமது சங்கம் ஏற்கும்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கொப்பி வைக்கப்படும். முதற் பக்கத்தில் உடைந்த மதகை எழுதியிருக்கின்றோம். மாட்டுக் குறி அறிந்த பெரியவர்கள் தம் பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டால், அங்கத்தினர் வீட்டுக்கே வந்து கேட்டு எழுதுவார்கள்.