மனை வாங்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் கிரயப் பத்திரத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. நம் முன்னோர் பிறர் நிலத்தில் உழைத்தார்கள். பிறர் காட்டிய இடத்தில் குடிசை போட்டார்கள். "இடத்தைக் காலி செய்" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் ஆசிரியராகவும் செவிலியராகவும் ஓட்டுநராகவும் ஊதியம் பெறுகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் தம் பெயரில் மனை வாங்கும் காலம் இது. அந்த முதற் பத்திரத்தில் பிழை நேர்ந்தால் இரண்டு தலைமுறையின் உழைப்பு பாழாகும். கல்வி தேர்வுத் தாளோடு முடிவதன்று; தம் பெயரில் எழுதப்படும் பத்திரத்தைத் தாமே படித்து அறிவதும் கல்வியே ஆகும்.

நம்மவர் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வினா: "பட்டா இருக்கிறது, அது போதாதா?"

போதாது. பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவு. பட்டா மட்டுமே உரிமையை உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. விற்பவருக்கு அச்சொத்து எவ்வாறு வந்தது என்பதைத் தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை சங்கிலிபோல் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் நிறுத்திக் கேளுங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் காண வேண்டும். நகலை மட்டும் காட்டினால், அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். அரசு இலவசமாக ஒப்படை செய்த மனையாயின், அந்த ஒப்படை ஆணையே மூலம். அதிலுள்ள நிபந்தனைகளைப் படிக்காமல் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

இரண்டாம் வினா: "வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் அச்சமில்லை அல்லவா?"

வில்லங்கச் சான்று இன்றியமையாதது. குறைந்தது 30 ஆண்டுகளுக்காவது போட்டுப் பார்க்க வேண்டும். ஆயினும் நாம் கேட்ட புல எண்ணுக்கு, கேட்ட காலத்திற்கு, பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். பதிவு செய்யப்படாத உயிலையோ, வாய்மொழிப் பாகப்பிரிவினையையோ அது காட்டாது. உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதை நினைவிற் கொள்க. ஆதலின் நேரில் சென்று நிலத்தைப் பாருங்கள், அக்கம்பக்கத்தாரை விசாரியுங்கள், புலப்படத்தோடு நான்கெல்லையை ஒப்பிட்டு அளந்து பாருங்கள்.

மூன்றாம் வினா: "முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இது செல்லுமா?"

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம் பதிவு செய்யப்பட்டே தீரவேண்டும். பதிவாகாத தாள், எத்தனை சாட்சிகள் கையொப்பமிட்டாலும், உரிமையை மாற்றாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்குவது கிரயம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகக் கூறியது. பெருநிறுவனங்கள் கட்டும் அடுக்ககமாயின், 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெற அவர்களுக்கு உரிமை இல்லை.

மனைப்பிரிவுகளில் வாங்குவோர்க்கு இன்னும் ஒன்று. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்பார்கள். ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் அங்கீகாரம் ஆகாது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், பிற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறையும் அங்கீகரித்த வரைபட எண்ணைக் கேளுங்கள்.

நான்காம் வினா: "அப்பா இறந்துவிட்டார், மூத்த மகன் விற்கிறார். அவர் கையெழுத்துப் போதுமா?"

போதாது. தமிழ்நாட்டில் 1989 முதலே இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை வழங்கப்பட்டது. 2005இல் நாடு முழுவதற்கும் அது விரிந்தது. வாரிசுச் சான்றிலுள்ள ஒவ்வொருவரும், மணமாகிப் போன பெண்களும் உட்பட, கையொப்பமிட வேண்டும். மைனர் பெயரிலுள்ள சொத்தை நீதிமன்ற அனுமதியின்றிக் காப்பாளர் விற்க இயலாது. "தங்கச்சி ஒன்றும் சொல்லமாட்டாள்" என்னும் சொல்லை நம்பி எந்தச் சொத்தையும் வாங்காதீர்கள்.

ஐந்தாம் வினா நமக்கே உரியது: "பஞ்சமி நிலம் என்கிறார்களே, அது என்ன?"

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், நம் மக்களின் நிலையைக் குறித்து 1891இல் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கியது. முதற் பத்து ஆண்டுகள் அந்நிலத்தை எவர்க்கும் கைமாற்றக் கூடாது. அதன் பின்னரும் அதே வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அறியாமையாலும் கடனாலும் மிரட்டலாலும் அவற்றுள் பல பிறர் கைக்குப் போயின. அந்நிலத்தை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு தோழர்கள் உயிர் நீத்தனர்.

இதனால் இளைஞர்கள் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துத் தாள் இருந்தால், அதை எவரிடமும் கொடுக்குமுன் படியுங்கள். இரண்டு, நீங்கள் வாங்கும் மனை முன்பு பஞ்சமி நிலமாக இருந்ததா என்று கிராமத்தின் அ-பதிவேட்டில் பாருங்கள். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய பழைய பதிவேட்டையும் கேளுங்கள். புதிய பதிவேட்டில் அந்தக் குறிப்பு விடுபட்டிருக்கலாம். இடையில் ஒருவர் நிபந்தனையை மீறி வாங்கியிருந்தால், அவரிடமிருந்து வாங்குபவரின் உரிமையும் நிலைக்காது.

ஆறாம் வினா: "செலவு எவ்வளவு ஆகும்? யார் பெயரில் வாங்கலாம்?"

முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. கிரயத் தொகை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதன்மேல் கணக்கிடப்படும். 8 லட்சம் ரூபாய் மனைக்கு 56,000 ரூபாயும் 16,000 ரூபாயும் சேர்ந்து 72,000 ரூபாய் ஆகும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறையும். மேற்கண்ட மனைக்கு 8,000 ரூபாய் மிச்சம். ஆனால் மிச்சத்திற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தம் பெயரில் வீடுள்ள பெண்ணை எவரும் எளிதில் வெளியே தள்ள இயலாது.

ஏழாம் வினா: "பத்திரம் பதிந்தாயிற்று. இனி வேலை முடிந்ததா?"

முடியவில்லை. பட்டா மாறுதல் செய்யுங்கள். வரி இரசீதையும் மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். எல்லைக் கல் நடுங்கள். எவரேனும் தடுத்தால் வாளாவிருக்க வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பட்டியல் இனத்தவர் ஒவ்வொருவர்க்கும் இலவச வழக்கறிஞர் உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதற்கான அலுவலகம் இருக்கிறது. நம்மவர் நிலத்தை முறைகேடாகப் பறிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

அன்பு இளைஞர்களே! பத்திர எழுத்தர் படித்துக் காட்டுவதைத் தலையசைத்துக் கேட்ட காலம் நம் தந்தையர் காலத்தோடு போகட்டும். ஊரில் ஒருவர் மனை வாங்குகிறார் என்றால், படித்த இளைஞர் இருவர் அவருடன் சார்பதிவாளர் அலுவலகத்திற்குச் செல்லுங்கள். புல எண், பரப்பு, நான்கெல்லை, பெயர், தந்தை பெயர் ஆகிய ஐந்தையும் உரக்கப் படித்துச் சரிபாருங்கள். அதன் பிறகே கைநாட்டோ கையொப்பமோ விழட்டும். இந்தச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கற்பித்த எழுத்துக்கு இதைவிட நற்பயன் வேறில்லை.