பொன்னாடையும் நடுகல்லும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவில், எழுதுவோரை மட்டுமன்றி இவ்வூர்க்கு நெடுங்காலம் உழைத்தோரையும் மேடைக்கு அழைத்துப் பாராட்டுவதென முடிவு செய்த செயற்குழுவினரை முதற்கண் போற்றுகின்றேன். பாராட்டும் முறை குறித்துச் சில கருத்துகளை இவ்வவையின் முன் வைக்க விழைகின்றேன்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பெற்றது. எருமைகளைக் காக்கப் பொருது மாய்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவனருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியும் அக்கல்லில் எழுதப்பட்டுள்ளது. பல்லவப் பேரரசனின் ஆட்சியாண்டு பொறித்த கல்லிலேயே ஒரு நாய்க்கும் பெயர் உண்டு. அது செய்த செயலும் உண்டு. புகழுரை என்று ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் 1400 ஆண்டுகள் கழிந்தும் அந்த நாயை நாம் அறிகின்றோம்!

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் இதனை இன்னும் விரிவாகச் செய்தான். தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களும் அவர்கள் குடியிருந்த தெருவும் வீட்டு வரிசையும் கல்லில் உள்ளன. நாவிதரும் தையற்காரரும் தச்சரும் அப்பட்டியலில் இடம்பெற்றனர்.

இனி நம் வாழ்த்து மடல்களுக்கு வருவோம். பண்பின் சிகரம், பைந்தமிழ்க் காவலர், தொண்டின் திருவுரு என்று கண்ணாடிச் சட்டமிட்டு வழங்குகின்றோம். பெயரை மட்டும் மாற்றினால் அதே மடல் அடுத்த விழாவிற்கும் பொருந்தும். கவிஞர் நண்பர்கள் பொறுத்தருள்க. எதுகை மோனைக்கு ஒரு குறையுமில்லை. பெறுபவர் என்ன செய்தார் என்பதைத்தான் மடல் முழுதும் தேடியும் காண இயலவில்லை.

நம் ஊர்க்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. காஞ்சியின் நெசவாளர்களாகிய கைக்கோளர் பல்லக்கேறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றிருந்தனர். விசயநகர ஆட்சியின்போது, 15ஆம் நூற்றாண்டில், பிற ஊர்க் கைக்கோளர்க்கு அவ்வுரிமை வழங்கப்பட்டபோது காஞ்சிபுரமும் விரிஞ்சிபுரமும் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டன. தறியில் அமர்ந்தவர்க்கு மரியாதை செய்வது எவ்வாறு என்று மற்றவர்க்குக் காட்டிய ஊர் இது.

இன்றைய நிலை என்ன? காஞ்சிப் பட்டு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பெயர் காக்கப்பட்டது. பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற நல்லி குப்புசாமி செட்டியார் 2003இல் பத்மஸ்ரீயும் 2025இல் பத்மபூஷணும் பெற்றார், மகிழத்தக்கதே. நெசவாளர்க்கும் தேசிய விருதுகள் உள்ளன. ஆனால் கோர்வைச் சேலையை எண்ணிப் பாருங்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஆதலின் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் ஒருவராக அதனைச் செய்தல் அரிது. கரை நாடாவைத் தள்ளுவதற்கு அருகே இன்னொருவர் அமர்கின்றார். பெரும்பாலும் மனைவி, அல்லது மகள். ஒரு காலத்தில் அவ்விடத்தில் சிறு குழந்தைகளை அமர்த்தினோம் என்பதும் மறைக்கத்தக்கதன்று. தார் சுற்றும் மூதாட்டி, சாயமிடுபவர், விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்ப்பவர் என இத்தனை கைகள் கூடியே ஒரு சேலை உருவாகின்றது. ஆனால் மேடையில் அழைக்கப்படுவதோ ஒரு பெயர். அந்த ஒரு பெயரும் ஆணின் பெயராகவே அமைந்துவிடுகின்றது.

நெசவு மட்டுமன்று. தேர்த் திருவிழாவில் உருளும் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடுபவரை எண்ணுக. கை சற்றுப் பிசகினால் உயிர்க்கு உறுதியில்லாத தொண்டு அது. 2019இல் அத்திவரதர் காட்சியளித்த 48 நாள்களும், மக்கள் வெள்ளம் நிறைந்த நம் தெருக்களை இரவு பகலாகத் தூய்மை செய்தவர்களை எண்ணுக. அவர்களின் பெயர்களை நாம் எங்கே எழுதி வைத்தோம்?

ஆகவே என் வேண்டுகோள் இது. விழாவிற்கு ஒரு திங்கள் முன்னரே, வட்டத்தின் உறுப்பினர் இருவர் சிறப்புப் பெறுவோரின் இல்லம் சென்று, அவர் வாயாலேயே அவர் பணியைக் கேட்டு எழுத வேண்டும். நடுகல் மாண்டவர்க்கு நட்டது. நம்மவர் நம்முன் வாழ்கின்றனர், கேட்டால் சொல்வார்கள். எத்தனை ஆண்டுகள், எந்தத் தெருவில், என்ன வேலை, உடனிருந்து உதவியவர் யார் என்பவை மடலில் இடம்பெற வேண்டும். கவிதையாகத்தான் எழுத வேண்டுமெனின் எழுதுக; ஆனால் இவை விடுபடலாகாது. நெசவாளரை அழைத்தால், கரை நாடா தள்ளியவரையும் உடன் அழைத்து இருவர்க்கும் ஒருசேரச் சிறப்புச் செய்க.

மற்றொன்று, பொன்னாடை. தறிகளின் ஊரில் அமர்ந்துகொண்டு, செயற்கை இழையில் விசைத்தறி தந்த சரிகைப் போர்வையை நெசவாளரின் தோளில் போர்த்துகின்றோம். அவர் அதனை விரலால் தொட்டுப் பார்த்துப் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையின் பொருள் நமக்கு விளங்காததன்று. பட்டுக்கு நிதி இல்லையெனப் பொருளாளர் கூறுவார். பட்டு வேண்டா, பருத்திக் கைத்தறித் துண்டு போதும்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் தார் சுற்றும் மூதாட்டி ஒருவரேனும் இடம்பெறுவாராயின், அவர் இல்லம் சென்று கேட்டெழுதும் பணியை நானே ஏற்கின்றேன்.