வண்டும் எருக்கும்: எது ஜாதி?



புல்லிலும் பூச்சியிலும் கூட ஜாதி இருக்கும்போது மனிதனில் மாத்திரம் இருக்கக் கூடாதா என்று பண்டிதர்கள் கேட்கிறார்கள். ஆகட்டும், பூச்சியையும் செடியையுமே சாட்சிக்குக் கூப்பிடுவோம்.

தென்னந்தோப்பில் காண்டாமிருக வண்டு இருக்கிறது. வேலியோரத்தில் எருக்கஞ்செடி இருக்கிறது. வண்டு எருக்குழியில் முட்டையிடுகிறது. முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, பிறகு ஆறு காலும் தலையில் கொம்புமாய் வெளிவந்து, இரவில் பறந்துபோய்த் தென்னங்குருத்தைக் குடைகிறது. எருக்கோ நின்ற இடத்திலேயே நின்று, வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக் கொள்ளுகிறது. தன்னைத் தின்ன வருகிறவற்றுக்கு விஷப்பாலை வைத்திருக்கிறது. விதைக்குப் பஞ்சு கட்டிக் காற்றிலே அனுப்புகிறது.

தோழர்களே! இதுவல்லவா இயற்கை வகுத்த வித்தியாசம்? வண்டுக்கும் எருக்குக்கும் கலப்பு மணம் செய்து வைக்க எவராலும் ஆகாது. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற மனுதர்மம் வேண்டியதில்லை, ஊர்க்கட்டுப்பாடு வேண்டியதில்லை, அரிவாளும் வேண்டியதில்லை!

இவ்வளவு வேறுபட்டவைகளுக்குள்ளும் ஒற்றுமை இருக்கிறது. செடியின் உடல் உயிரணுக்களால் ஆனது என்று 1838-இல் ஷ்லைடனும், பிராணிகளின் உடலும் அப்படியே என்று 1839-இல் ஷ்வானும் சொன்னார்கள். 1953-இல் வாட்சன், கிரிக் என்பவர்கள் பரம்பரைக் குணங்களைத் தாங்கும் டி.என்.ஏ. என்ற பொருளின் அமைப்பை விளக்கினார்கள். வண்டிலும் எருக்கிலும் மனிதனிலும் இருப்பது நான்கே எழுத்துக்களால் ஆன அந்த ஒரே பொருள்தான்.

வண்டுக்கும் எருக்குக்குமே இவ்வளவு உறவு இருக்குமானால், அக்கிரகாரத்தானுக்கும் சேரிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவனுக்கு ஆறு கால் உண்டா? மற்றவனுக்குக் கொம்பு உண்டா? ரத்தம் ஏற்ற வேண்டிய நேரத்தில், 1901-இல் லாண்ட்ஸ்டைனர் கண்ட ரத்தப் பிரிவை டாக்டர் பார்க்கிறாரேயொழியக் கோத்திரத்தைக் கேட்கிறாரா?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். இரண்டு ஜாதியார் மணந்து கொண்டால் பிள்ளை பிறக்காது என்றிருந்தால், சாஸ்திரக்காரர்கள் எதற்காகத் தடை போட்டார்கள்? பிறக்கும் என்று தெரிந்ததனால்தானே! வண்டும் எருக்கும் மணக்கக் கூடாது என்று எந்த சாஸ்திரமாவது எழுதி வைத்திருக்கிறதா? ஆகவே அவர்கள் போட்ட தடையே மனிதர் எல்லோரும் ஒரே இனம் என்பதற்குச் சாட்சியாகும்.

எனவே தோழர்களே! மேடையில் கை தட்டிவிட்டு, வீட்டில் பெண் பார்க்கும்போது மாத்திரம் ஜாதி கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் தாங்களே துணை தேடிக்கொண்டு வந்தால், வாசலை அடைக்காமல் வரவேற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.