பக்கவாத்தியக்காரரின் பெயர்

வானொலியில் ஒரு பாட்டு ஒலிபரப்பாகிறது. பாடியவர் இன்னார், பாடலை இயற்றியவர் இன்னார், இசையமைத்தவர் இன்னார் என்று அறிவிப்பாளர் சொல்லுகிறார். பல்லவி தொடங்குமுன் சில விநாடிகள் கிதார் ஒலித்ததே, அதை வாசித்தவர் யார்? அதைச் சொல்லும் வழக்கம் இல்லை. கேட்கும் வழக்கமும் நமக்கு இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, வாசித்து, அன்றைய ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போய்விடும் அத்தகைய கலைஞர்களைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரிலே, ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற கறுப்பின மக்களின் இசையை உலகெங்கும் பரப்பிய மோட்டவுன் என்னும் நிறுவனம் 1959இல் தோன்றியது. 1964இல் டெம்ப்டேஷன்ஸ் குழுவினர் அதற்குப் பாடிய ‘மை கேர்ள்’ என்ற பாட்டின் முகப்பில் வரும் கிதார் இசை உலகப் புகழ் பெற்றது. வாசித்தவர் ராபர்ட் ஒயிட். இசைத்தட்டிலோ அவர் பெயர் இல்லை. அந்நிறுவனத்தின் வாத்தியக்காரர்கள் பெயர் பெற 1971இல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டு வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

அங்கே கிதார், இங்கே ஆர்மோனியம். அவ்வளவே வேறுபாடு. இனி மட்டாஞ்சேரிக்கு வருவோம்.

மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள் நிறைந்த அந்த ஊரிலே மலையாளிகளோடு குஜராத்தியரும் கொங்கணியரும் தக்கணி முஸ்லிம்களும் தமிழரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். பல மொழிகள் கலந்த அந்தத் தெருக்களில்தான் மெஹபூப் என்ற பாடகர் வளர்ந்தார். பாடகராதலின் 1981இல் அவர் மறைந்த பின்பும் பெயர் நின்றது. ஆனால் நான் சொல்ல வந்தது, அதே கொச்சியில் பிறந்து வாத்தியக்காரராக வாழ்வைத் தொடங்கிய எம். கே. அர்ஜுனனைப் பற்றி.

அர்ஜுனன் 1936இல் மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சிக் கோட்டைப் பகுதியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். பெரிய குடும்பம், வறுமையோ அதனினும் பெரிது. தாயார் அவரையும் அவர் அண்ணனையும் பழனியிலிருந்த ஓர் ஆசிரமத்தில் சேர்த்தார். அங்கே பஜனைப் பாட்டில் சிறுவர்களின் குரலைக் கேட்ட ஆசிரமத் தலைவர் ஓர் ஆசிரியரை அமர்த்திச் சங்கீதம் கற்பித்தார். பிழைப்பை நாடி நாம் மலையாள நாட்டுக்குப் போகிறோம். அந்த மலையாளச் சிறுவனோ சோற்றையும் சுரத்தையும் நாடித் தமிழ்நாட்டுக்கு வந்தான்! மலைகள் இரு திசைக்கும் வழிவிடத்தான் செய்கின்றன.

ஊர் திரும்பியபின் கூலிவேலையும் செய்தார். நாடகக் குழுக்களில் ஆர்மோனியமும் வாசித்தார். நாடக மேடையில் ஆர்மோனியக்காரரின் பணி எளிதன்று. நடிகர் மூச்சு வாங்கும் இடம் அறிந்து கை நிற்க வேண்டும். அவர் சுருதி தவறினால் அவையோர் அறியாதபடி கை தாங்க வேண்டும். பிழை நேர்ந்தால் கண்கள் அவர் பக்கம் திரும்பும். நன்றாக அமைந்தால் கைதட்டல் நடிகருக்கு. இந்தப் பள்ளியில் அர்ஜுனன் பல ஆண்டுகள் பயின்றார். இசையமைப்பாளர் தேவராஜனுக்கும் ஆர்மோனியம் வாசித்தார். 1968இல் ‘கறுத்த பௌர்ணமி’ படத்தின் வாயிலாகத் தாமும் திரை இசையமைப்பாளரானார்.

அக்காலத்தில் மலையாளப் பாடல்கள் பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாயின. அங்கே அர்ஜுனனுக்குத் துணை நின்றவர் ஆர். கே. சேகர் என்ற தமிழர். இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார். வயலினுக்கு எது, குழலுக்கு எது, கிதாருக்கு எது என்று பிரித்து எழுதி, வாத்தியக்காரர்களை ஒருமுகப்படுத்தி வாசிக்கச் செய்பவர் சேகர். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவாக வேண்டிய காலம் அது. ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். ‘பழசிராஜா’ முதலிய படங்களுக்குத் தாமே இசையமைத்தவராயினும், சேகரின் உழைப்பில் பெரும்பகுதி பிறர் பெயரில் வந்த பாடல்களுக்குள்ளேயே கரைந்தது. 1976இல் அவர் காலமானார். அவர் விட்டுச் சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டே குடும்பம் காலம் தள்ளியது.

அவருடைய மகன் திலீப், சிறுவனாக இருக்கும்போதே ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிக்கத் தொடங்கினான். 1981இல் வெளிவந்த ‘அடிமச்சங்கல’ படத்துக்கு அவனை வாசிக்க வைத்தவர் அர்ஜுனன். அந்தச் சிறுவனைத்தான் இன்று ஏ. ஆர். ரஹ்மான் என்று உலகம் அறிகிறது. வாத்தியக்காரராக இருந்தவருக்கே வாத்தியக்காரர் வீட்டு அடுப்பின் நிலை தெரியும்.

தனி மனிதரின் நன்றியுணர்வு ஒரு குடும்பத்தைக் காக்கலாம். ஒரு தொழிலைக் காக்க அது போதாது. இதனை உணர்ந்தவர் எம். பி. ஸ்ரீநிவாசன். மலையாளப் படங்களுக்குச் சிறந்த இசை தந்த அவர், சென்னையில் திரைப்பட வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைப்பதிலும் முன்னின்றார். இசை இனியதுதான், இசைப்பவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா?

அர்ஜுனன் நூற்றுக்கணக்கான நாடகப் பாடல்களும் திரைப் பாடல்களும் தந்தார். எனினும் சிறந்த திரை இசையமைப்பாளருக்கான கேரள அரசின் விருது, ‘பயானகம்’ படத்துக்காக, 2017ஆம் ஆண்டுக்குரியதாகத்தான் அவரை வந்தடைந்தது. அப்போது அவர் எண்பதைக் கடந்திருந்தார். 2020 ஏப்ரல் 6ஆம் தேதி கொச்சியிலே மறைந்தார். தொற்றுநோய்க் கால ஊரடங்கு. ஊர் திரண்டு வழியனுப்ப இயலவில்லை.

நேயர்களே, வெளியூரில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. நாம் கட்டிய வீட்டிலும், வெளுத்த துணியிலும், சுமந்த மூட்டையிலும் நம் பெயர் எழுதப்படுவதில்லை. ஆகவே, இனி ஒரு பாட்டைக் கேட்கும்போது, பாடியவருக்குப் பின்னால் ஒலிக்கும் அந்தக் கிதாரையும் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். வாசித்தவர் யார் என்று தெரிந்தால் வீட்டுக் குழந்தைகளுக்கும் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.