நோட்டில் வராத வரவு

நான் பண்டசோழநல்லூரிலிருந்து வருகிறேன். பத்தாவது வரை படித்தவள். பேச்சில் தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

எவ்வளவு சேமிச்சோம், எவ்வளவு கடன் வாங்கினோம் என்று சொல்ல நம்மகிட்ட நோட்டு இருக்கு. நோட்டில் வராத ஒன்றைப் பற்றிப் பேசத்தான் நான் வந்தேன். அது தோழமை.

நம்மில் பல பேர் வாழ வந்த பெண்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிச்ச தோழி ஒரு ஊருக்குப் போவாள், நாம் ஒரு ஊருக்கு வருவோம். வந்த இடத்தில் இன்னார் மருமகள், இன்னார் பொண்டாட்டி, பிள்ளை பிறந்தால் இன்னார் அம்மா. நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்காது. குழுவில் வருகைப் பதிவேட்டில் என் பேரை வாசிச்சப்பதான், பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் மறுபடியும் "உள்ளேன்" என்று சொன்னேன்.

காலேஜில் படிக்கும் என் நாத்தனார் மகள் ஒரு விஷயம் சொன்னாள். அமெரிக்காவில் மேக்கன் என்ற ஊரில், 1851-லேயே பெண்கள் கல்லூரி மாணவிகள் சிலர் சேர்ந்து, சகோதரிகள் என்ற பொருளில் பேர் வச்சு ஒரு சங்கம் தொடங்கினாங்களாம். இப்போ அங்கே நிறைய காலேஜில் அந்த மாதிரி சங்கம் இருக்காம். "உங்க குழுவும் அதேதானே அத்தே" என்றாள். சரிதான் என்று பட்டது.

ஆனால் இந்தத் தோழமை தானா வந்துடலை. பஞ்ச சூத்திரம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்களே: முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவறாமல் திருப்பிக் கட்டுவது, சரியா கணக்கு எழுதுவது. அதெல்லாம் பணத்துக்கான விதி என்று நினைக்கிறோம். வாராவாரம் பார்த்தால்தானே ஒருத்தி முகம் வாடியிருப்பது தெரியும்? எல்லாரும் ஒரே தொகை கட்டுவதால்தான் நிலம் உள்ளவளும் நடவுக்குப் போறவளும் ஒரே பாயில் சமமா உட்கார முடியுது. உள்கடன் முதலில் யாருக்கு என்று பேசும்போதுதான் ஒரு வீட்டுக் கஷ்டம் இன்னொரு வீட்டுக்குத் தெரியுது.

என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தப்போ, குழுவில் அவசரக் கடன் கொடுத்தாங்க. அதை அடைச்சுட்டேன். ஒரு அக்கா என் மாட்டைக் கறந்து சொசைட்டியில் பால் ஊத்தினாங்க. இன்னொருத்தங்க என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ஸ்கூலுக்கு அனுப்பினாங்க. ஒருத்தங்க நாலு ராத்திரி என்கூட வராண்டாவில் படுத்தாங்க. அதையெல்லாம் எந்த நோட்டில் வரவு வைப்பது?

மதுரைப் பக்கம் சின்னப்பிள்ளை அம்மா எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. களஞ்சியம் குழுக்களில் பெண்களைச் சேர்த்து முன்னே நின்றவங்க. 2001-ல் டெல்லியில் அவங்களுக்கு விருது கொடுத்தப்போ, பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. பின்னால் அத்தனை பெண்கள் நின்றதால்தான் அந்த அம்மா அங்கே நின்றாங்க.

இப்போ கடன் கொடுக்கும் கம்பெனிகளும் தெருவுக்கு வருது. அவங்களும் நம்மைக் குழுவாத்தான் உட்கார வைக்கிறாங்க. ஆனால் ஒருத்தி தவணை கட்டலைன்னா, மத்தவங்களையே அவள் வாசலில் கொண்டுபோய் உட்கார வைக்கிறவங்களும் இருக்காங்க. தோழியைத் தோழிக்கே வசூல்காரி ஆக்கும் வேலை அது. நம்ம குழுவில் ஒருத்தி கட்டலைன்னா, "என்னம்மா ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்கணும்.

அதனால் மூணு விஷயம் கேட்டுக்கிறேன். சேமிப்புப் பணத்தைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பி, தீர்மான நோட்டில் வீட்டிலிருந்தே கையெழுத்துப் போடுவதை விட்டுடுவோம். ரெண்டு கூட்டத்துக்கு ஒருத்தி வரலைன்னா, ரெண்டு பேர் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வருவோம். மூணாவது, இங்கே இருக்கும் மாமியார்களுக்கு: புதுசா வந்த மருமகளையும் குழுவுக்கு அனுப்புங்க. வேலை ஒரு மணி நேரம் காத்திருக்கும்.