விசுவாசமா? நியாயப்பிரமாணமா?
(பத்தமடையில் செய்த சொற்பொழிவு)



பாய்க்குப் பேர்போன இந்த ஊரிலே, பாய் விரித்து எல்லோரும் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் பேச வந்த விஷயமும் அதுதான். மனிதன் இரட்சிப்படைவது விசுவாசத்தினாலா, நியாயப்பிரமாணத்தினாலா என்கிற கேள்வியைக் கேட்டால் இது பாதிரிமார் விவகாரம் என்று உங்களுக்குத் தோன்றும். மோட்சத்திற்குப் போய்த் திரும்பி வந்து சாட்சி சொன்னவர் ஒருவரும் இல்லாதபடியால் அந்தப் பாகத்தை நான் தொடப்போவதில்லை. ஆனால், இந்தச் சண்டை பெரிதாக வெடித்த இடங்களில் ஒன்று சாப்பாட்டுப் பந்திதான் என்பதை மாத்திரம் காட்டுகிறேன்.

அந்தியோகியா பட்டணத்தில் யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு பேதுரு சமபந்தியாய்ச் சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து ஆசாரக்காரர் சிலர் வந்து சேர்ந்ததும் பயந்துபோய்ப் பந்தியை விட்டு ஒதுங்கிக்கொண்டார். பவுல் அவரை எல்லோருக்கும் முன்பாகவே முகத்துக்கு நேராய்க் கண்டித்தார். விருத்தசேதனமும் தீட்டுச் சட்டமும் யாரையும் நீதிமானாக்காது, விசுவாசமே போதும் என்று கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், இந்தச் சம்பவத்தை வைத்தே அவர் வாதாடுகிறார். நம் ஊர் பாஷையில் சொன்னால், பந்தி வஞ்சனை கூடாது என்பதுதான். இதில் நமக்கு என்ன ஆட்சேபணை? ஆனால் அதே பவுல், ஓடிவந்த ஒநேசிமு என்னும் அடிமையை, "சகோதரனாக ஏற்றுக்கொள்" என்று கடிதம் கொடுத்து எஜமானனிடமே திருப்பி அனுப்பினார். விசுவாசம் வந்த பிறகும் எஜமானன் எஜமானனாகவே இருந்தான்.

பிறகு 1517-இல் லூத்தர் இதே கேள்வியைக் கிளப்பி ஐரோப்பா இரண்டு பட்டது. கத்தோலிக்க சபையும் லூத்தரன் சபைகளும் இந்த விஷயத்தில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட 1999 ஆகிவிட்டது.

அது இருக்கட்டும், நம் ஜில்லாவுக்கு வாருங்கள். வடக்கன்குளத்தில் வேளாளக் கிறிஸ்தவர்களும் நாடார் முதலிய கிறிஸ்தவர்களும் ஒரே தேவனை, ஒரே விசுவாசத்தோடு வணங்கினார்கள். கோயிலோ நிக்கர் மாதிரி இரண்டு காலாகப் பிரிந்து, நடுவிலே சுவரோடு நின்றது. 1910-இல் சுவரை இடித்தார்கள். உடனே வேளாளர்கள், தங்கள் உரிமை போயிற்றென்று கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஹைகோர்ட் வரையிலும் போய்த் தோற்றார்கள். விசுவாசத்துக்குள்ளே சுவருக்கும் இடமிருந்தது என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

இனி, நியாயப்பிரமாணத்தையே பிடித்துக்கொண்ட ஒருவரைப் பார்ப்போம். அவரைச் சுலபமாய்த் தள்ளிவிட முடியாது. அக்காலத்தில் இதே திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த நாசரேத்தில் மிஷன் உபதேசியாராயிருந்த அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை, வெள்ளைக்காரப் பாதிரியோடு முரண்பட்டு வேலையை இழந்தார். கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட புத்தகம் அவர் சாதியாரை இழிவாகச் சொன்னது. பிற்காலத்தில் அதற்கெதிரான கிளர்ச்சியிலும் அவர் முன்நின்றார். 1857-இல் வெள்ளையர் தயவே இல்லாத ஒரு தனிச் சபையையும் உண்டாக்கினார். ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிச் சனிக்கிழமை ஓய்வு நாளை வைத்தார், யூதர் பண்டிகைகளை எடுத்துக்கொண்டார், தூபம் போட்டார். இயேசுவே யூதர், அவர் ஆசரித்த பிரமாணத்தை மாற்ற ஐரோப்பியனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்பது அவர் பக்கத்து நியாயம்.

தோழர்களே, இந்தக் கேள்வியில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. விசுவாசமே போதும் என்று பிரசங்கித்த துரையை, அவன் புத்தகத்தைக் கொண்டே மடக்கியது சாமானிய காரியமா? அது மானமுள்ளவன் செய்கிற வேலை. ஆனால் துரையை விரட்ட அவர் கூட்டிவந்தது யாரை? மோசேயை. மோசே தனியாய் வருவாரா? லேவியராகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டல்லவா வருவார்! மாதவிலக்கான பெண் ஏழு நாள் தீட்டு, அவள் உட்கார்ந்த இடம் தீட்டு, அவள் படுக்கையைத் தொட்டவனும் தீட்டு என்கிறது அது. நம் அக்கிரகாரத்துத் தீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆண்பிள்ளையின் மானத்தைக் காக்க எடுத்த சட்டம், அவன் வீட்டுப் பெண்ணின் மானத்தைக் கேட்கவேயில்லை.

கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் இங்கே வந்திருப்பது எனக்குத் தெரியும். அவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. மற்ற மதத்தார் யோக்கியதை இதைவிட மேல் என்றும் சொல்லவில்லை. அவர்களிடம் எனக்கு ஒரு கேள்விதான் உண்டு. விசுவாசத்தினால் ஒரே சரீரமாகிவிட்டோம் என்று சொல்லுகிற உங்கள் சபையில், சாதி பாராமல் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள் எத்தனை? பதில் சொல்லுகிறவர்கள் மேடைக்கே வந்து சொல்லலாம். தலைவர் அவர்கள் அதற்கு நேரம் கொடுப்பதாய் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.