கடிபட்ட வெள்ளையனுக்குத் துணை தேடிய கதை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிப்ட், பார்க்கிங் என்று பேச எவ்வளவோ இருக்க, இந்த ஆள் கினி பிக்கைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைப்பீர்கள். நம் குடியிருப்பில் இப்போதே நாலு வீட்டில் கினி பிக் வளர்கிறது. இன்னும் சில வீட்டில் பிள்ளைகள் கேட்டு நச்சரிக்கிறார்கள். அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். நான் கால்நடை டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். பட்டதையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

பேத்தியின் பிறந்தநாளுக்கு இரண்டு ஆண் குட்டிகள் வாங்கினோம். "ஒரே ஈற்றுக் குட்டிகள் சார், சண்டையே வராது" என்றார் கடைக்காரர். நிறத்தைப் பார்த்து கறுப்பன், வெள்ளையன் என்று பேத்தி பெயர் வைத்தாள். மூன்று மாதம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. அதன்பிறகு கறுப்பனின் போக்கு மாறியது. புல் போட்டால் வெள்ளையனைக் கிட்டே விடமாட்டான். ஒளியப் போனால் பெட்டி வாசலை மறித்துக்கொள்வான். "விளையாடுகிறார்கள்" என்று நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எனக்குக் கணக்கு எழுதாமல் தூக்கம் வராது. வாரம் ஒருநாள் சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்து ஒரு நோட்டில் குறித்து வந்தேன். கறுப்பன் ஏறிக்கொண்டே போக, 720 கிராம் இருந்த வெள்ளையன் இரண்டே வாரத்தில் 650-க்கு இறங்கிவிட்டான். மறுநாள் அவன் பின்பக்கத்தில் ரத்தம். ஆண் கினி பிக்குகளுக்கு மூன்று, நாலு மாதத்தில் விடலைப் பருவம் தொடங்கும். ஒரு வயது வரைகூட அந்த முறுக்கு இருக்கும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ரத்தம் வந்தால் யோசிக்காமல் பிரித்துவிட வேண்டும். பிரித்தோம். அதோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்ததுதான் என் முதல் தப்பு. தனிக் கூண்டில் வெள்ளையன் மூலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். கொத்தமல்லித் தழையைக் கண்டால் கீச்சிடுவானே, அந்தச் சத்தமும் நின்றுபோனது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம் கூட்டமாக வாழ்ந்த சாதி இது. நாம் எவ்வளவு கொஞ்சினாலும் இன்னொரு கினி பிக்குக்கு ஈடாகாது. சுவிட்சர்லாந்தில் இதைச் சட்டமாகவே வைத்துவிட்டார்கள். 2008 முதல் அங்கே கினி பிக்கை ஒற்றையாக வளர்க்கக் கூடாது. ஜோடியில் ஒன்று செத்தால், மிச்சமிருப்பதற்கு வாடகைக்குத் துணை கொடுப்பவர்கள்கூட அங்கே உண்டு.

துணை தேடத் தொடங்கியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "முயல் வாங்கி விடுங்கள்" என்றார் ஒருவர். கூடாது. முயலின் ஒரு உதை கினி பிக்கின் எலும்பை முறித்துவிடும். முயல் வெளியே தெரியாமல் சுமக்கும் சில கிருமிகள் கினி பிக்குக்குச் சளிக் காய்ச்சலைத் தரும். தீனியும் வேறு. நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது, தீனியில்தான் கிடைக்க வேண்டும். முயல் தீனியில் அது போதாது.

"பெண் ஒன்று விடுங்கள்" என்றார் இன்னொருவர். சினைக்காலம் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும். ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். கூட்டு வட்டி தெரிந்தவன் நான், பயந்துவிட்டேன். ஆணுக்கு விதைநீக்க அறுவை செய்து, அதன்பின் ஆறு வாரம் பொறுத்துப் பெண்ணோடு விடலாம். நல்ல வழிதான். ஆனால் சிறு பிராணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டரிடம்தான் போக வேண்டும். மாடும் ஆடும் பார்த்துப் பழகிய ஊர் நம் பள்ளிப்பட்டு. இதற்குச் சென்னைக்குப் போய் விசாரிப்பதே மேல்.

ஆகவே இன்னொரு ஆணையே தேடினேன். உறவினர் வீட்டிலிருந்து வெள்ளையன் வயதிலேயே ஒன்றைக் கொண்டுவந்து, நேராக வெள்ளையன் கூண்டில் விட்டேன். இது இரண்டாவது தப்பு. ஐந்து நிமிடத்தில் இரண்டும் கட்டிப் புரண்டன. பிரிக்கக் கையை நுழைத்தேன், என் விரலில் கடி. வந்தவன் அன்று மாலையே ஊர் திரும்பிவிட்டான்.

அதன்பிறகுதான் நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட்டேன். மூன்றாவது மாடியிலிருந்து பதில் வந்தது. அவர்கள் வீட்டு ஜோடியில் ஒன்று செத்து, நாலு வயது ஆண் ஒன்று தனியாக இருந்ததாம். சாதுவாம், ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். ஒரே படிக்கட்டில் தினம் ஏறி இறங்குகிறோம், இரண்டு வீட்டிலும் இரண்டு மூலையில் இரண்டு உயிர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. அடிபட்ட ஆணுக்கு அதே வயது முரடனைவிட, விடலைப் பருவம் தாண்டிய சாதுவான பெரியவனோ, சின்னஞ்சிறு குட்டியோ பெரும்பாலும் ஒத்துப்போகும். மூன்றாவது ஆணைச் சேர்த்தால் சண்டைதான் வளரும். பெரியவனை இரண்டு வாரம் வேறு அறையில் வைத்து, சொறி, சளி இருக்கிறதா என்று பார்த்தோம். அடுத்த வாரம் இரண்டு கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசனை பழக விட்டோம்.

நாங்கள் சேர்த்து வைத்தது மார்கழி மாதம். கினி பிக்குக்கு 27, 28 டிகிரி தாண்டினாலே ஆபத்து. திருத்தணி பக்கத்து வெயில் 40 தாண்டுவது உங்களுக்கே தெரியும். சித்திரை, வைகாசியில் இந்த வேலை வேண்டாம்.

இருவரும் கால் வைக்காத ஹால் தரையில் துவைத்த பெட்ஷீட் விரித்தோம். புல் இரண்டு குவியல், தண்ணீர் பாட்டில் இரண்டு, இருபக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி இரண்டு. ஒரே வாசல் இருந்தால் மாட்டிக்கொண்டவன் அடிவாங்குவான். இடுப்பை ஆட்டி உறுமுவது, முகர்வது, துரத்துவது, மேலே ஏறுவது எல்லாம் யார் பெரியவன் என்று தீர்மானிக்கும் பேச்சுவார்த்தை, நாம் குறுக்கே போகக் கூடாது. பல்லை நறநறவென்று கடித்தால் எச்சரிக்கை. இருவரும் எதிரெதிரே எழும்பி நின்று வாயைத் திறந்தால் உடனே கனமான துண்டைப் போட்டுப் பிரிக்க வேண்டும். கையை நுழைக்காதீர்கள். என் விரலைப் பாருங்கள்.

பெரியவன் இரண்டு தடவை உறுமினான். வெள்ளையன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். அவ்வளவுதான். மத்தியானம் ஒரே குவியலில் இரண்டும் புல் தின்றன. சாயங்காலம் கொத்தமல்லிக் கட்டின் சரசரப்பு கேட்டு வெள்ளையன் கீச்சிட்டான். பேத்தி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நன்றாகக் கழுவிய பெரிய கூண்டில் அன்றிரவே இருவரையும் விட்டோம். இரண்டு மாதத்தில் நோட்டில் 790 கிராம்.

கறுப்பன் கணக்கு இன்னும் முடியவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம், இவர்களைப் பார்த்துக்கொண்டு, குரல் கேட்டுக்கொண்டு இருக்கிறான். அவனைக் கெட்டவன் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை, வயசு அப்படி. அவனுக்கும் ஒரு துணை பார்க்க வேண்டும். பெரியவனுக்கு நாலு வயது. இந்தப் பிராணியின் ஆயுள் ஐந்திலிருந்து எட்டு வருடம். ஒருநாள் வெள்ளையன் மறுபடி தனியாவான்.

அதனால் ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைப்போம். எந்த வீட்டில் கினி பிக், ஆணா பெண்ணா, வயது என்ன, குணம் எப்படி என்று நாலு கலம் போதும். எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று கடைக்குப் போகுமுன், ஒருதடவை அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். மேல் மாடியிலேயே ஒன்று காத்துக்கொண்டிருக்கலாம்.